விதை காக்கும் வீடு

மணமாகி மூன்றாண்டு கடந்தும் மழலை தவழாத வீட்டில் கேள்வி எப்போதும் பெண்ணை நோக்கியே எழுகிறது. மருத்துவரிடம் முதலில் அழைத்துச் செல்லப்படுபவள் அவளே. ஊரார் வாய்க்கு முதலில் இரையாகிறவளும் அவளே. கணவனை ஒரு முறையேனும் சோதித்துப் பார்க்கும் முன்னரே மறுமணப் பேச்சு எழுந்துவிடும் வீடுகளும் உண்டு. ஆனால் மருத்துவம் காட்டும் கணக்கு வேறு. மகப்பேறு தடைப்படும் இணையர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில், தனித்தோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ, ஆணின் பக்கத்துக் காரணமும் இருக்கிறது.

இந்த உண்மை ஒரே நாளில் வெளிப்பட்டதன்று. ஆணின் விதை யாது, அது எங்கே தோன்றுகிறது, முதுமை வரை வற்றாத அந்த ஊற்றின் கண் எது, அந்தக் கண் தூர்ந்துபோகாமல் காப்பது எது என ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு விடை காண மனிதனுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இவற்றுள் கடைசிக் கேள்விதான் மிகத் தாமதமாகக் கேட்கப்பட்டது. விதையைக் கண்டு வியந்தவர்கள் அதைக் காத்து வளர்க்கும் வீட்டைக் கவனிக்கவில்லை. அந்த வீட்டைக் கண்டறிந்த வரலாற்றையே இங்கே நாம் காணப்போகிறோம். குடும்பத்தார் அனைவரும் படிக்கும் ஏட்டில் இதைப் பேசலாமா எனச் சிலர் தயங்கக்கூடும். உடலைப் பற்றிய அறிவு நாணத்துக்குப் பகையன்று. அறியாமையால் ஒரு பெண் சிந்தும் கண்ணீரைவிட அந்தத் தயக்கம் பெரிதுமன்று.

பழையோர் எண்ணம்

கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஒரு கொள்கையை வகுத்தார். குழந்தைக்கு உருவைத் தருவது ஆண்; அந்த உருவை ஏற்கும் பொருளைத் தருவது மட்டுமே பெண்ணின் பங்கு என்பது அவர் முடிவு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் மருத்துவர் காலன் இதற்கு உடன்படவில்லை. விதை இருவரிடமும் உண்டு என்றார். இவ்விருவர் கருத்தையும் எடைபோட்ட பிற்காலத்தாருள் தலையானவர் இப்னு சீனா (980–1037). ‘அல்கானூன் ஃபித்திப்’ என்னும் தமது மருத்துவப் பெருநூலில் ஆணுறுப்புகளின் நோய்களுக்குத் தனிப்பகுதியும் பெண்ணுறுப்புகளின் நோய்களுக்குத் தனிப்பகுதியும் வகுத்தார். மகப்பேறின்மைக்கான காரணம் ஆணிடத்திலும் இருக்கலாம், பெண்ணிடத்திலும் இருக்கலாம் எனப் பிரித்துக் காட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூல், பின்னர் நூற்றாண்டுக் கணக்கில் இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக விளங்கியது.

ஆகவே, ‘குறை பெண்ணுக்கே உரியது’ என்பது மருத்துவம் சொன்ன சொல் அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவம் அதை மறுத்திருக்கிறது. எனினும் காலனுக்கும் இப்னு சீனாவுக்கும் ஒரு தடை இருந்தது. ஆணின் விதையைக் கண்ணால் காணும் கருவி அவர்களிடம் இல்லை. அவர்கள் அறிந்தது நீர்மத்தை மட்டுமே.

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர்

அந்தக் கருவி பதினேழாம் நூற்றாண்டில் ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் உருவாயிற்று. அந்நகரத்து மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப், 1668-இல் வெளியிட்ட நூலில், விந்தகம் என்பது வெறும் சதைக் கட்டியன்று. நூலிழை போன்ற மெல்லிய குழல்கள் சுருண்டு சுருண்டு அடைந்து கிடக்கும் உறுப்பு அது என்று காட்டினார். மனிதரின் விந்தகத்தில் அக்குழல்களைப் பிரித்து நீட்டினால் நூற்றுக்கணக்கான மீட்டர் வரும். வீதிகள் அப்போதே தெரிந்துவிட்டன. அவ்வீதிகளில் குடியிருப்பவர் யார் என்பதுதான் தெரியவில்லை.

அதே நகரில் துணி வணிகம் செய்த ஆன்டனி வான் லீவன்ஹூக், தம் கையால் தேய்த்துச் செய்த சின்னஞ்சிறு வில்லைகளைக் கொண்டு நுண்ணுலகைக் கண்டவர். 1677-இல் யோகான் ஹாம் என்னும் மருத்துவ மாணவர், நோயாளி ஒருவரின் நீர்மத்தில் வாலுள்ள சிற்றுயிர்களைக் கண்டதாகச் சொல்லி அவரிடம் கொண்டுவந்தார். லீவன்ஹூக் ஆராய்ந்தார், நோயற்றவரிடமும் அவை இருக்கக் கண்டார். இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அவ்வாண்டு நவம்பரில் எழுதிய மடலில், தாம் ஆராய்ந்தது முறையான இல்லற வாழ்வில் கிடைத்ததே எனத் தெளிவுபடுத்தினார். கற்றோருக்கு இது அருவருப்பாகத் தோன்றுமாயின் மடலை வெளியிடாமல் விட்டுவிடலாம் என்றும் வேண்டிக்கொண்டார். அறிவுக்கும் நாணத்துக்கும் ஒருங்கே இடமளித்த மடல் அது!

ஆனால் கண்டது ஒன்று, கொண்டது வேறொன்று ஆயிற்று. வாலசைத்து நீந்தும் அந்த உயிரிலேயே குழந்தை முழுமையாக அடங்கியிருக்கிறது, தாயின் கருப்பை அதற்கு உணவூட்டும் நிலம் மட்டுமே என்று லீவன்ஹூக் நம்பினார். 1694-இல் நிக்கோலாஸ் ஹார்ட்சூக்கர் என்பவர் ஒருபடி மேலே சென்று, விந்தணுவின் தலைக்குள் முழங்கால் மடித்து ஒரு குட்டி மனிதன் அமர்ந்திருப்பதுபோல் படமே வரைந்துவிட்டார். புதிய கருவி, பழைய எண்ணத்தைத் திருத்துவதற்கு மாறாக அதற்குச் சான்று தேடியது. எதிரணியினரோ விந்தணுக்கள் வெறும் ஒட்டுண்ணிகள் என்றனர். பாலூட்டியின் சினைமுட்டையை 1827-இல் முதன்முதலாகக் கண்டு உலகுக்கு உரைத்த வான் பேயர்கூட விந்தணுக்களை ஒட்டுண்ணிகளாகவே கருதினார்.

ஜெனீவாவைச் சேர்ந்த பிரெவோவும் தூமாவும் 1824-இல் தவளைகளைக் கொண்டு சோதித்து, விந்தணுக்களை வடிகட்டி நீக்கிய நீர்மத்தால் கரு உண்டாவதில்லை என மெய்ப்பித்தனர். 1841-இல் ஆல்பர்ட் கோலிக்கர், விந்தணுக்கள் வெளியிலிருந்து வந்த உயிர்கள் அல்ல. விந்தகத்தின் செல்களிலிருந்தே தோன்றுகின்றன என நிறுவினார். இனி எஞ்சிய கேள்வி: எந்தச் செல்? எவ்வாறு?

பவியாவின் இளைஞர்

வட இத்தாலியில் பவியா என்றொரு பழம்பெரும் பல்கலைக்கழக நகரம். விந்தணு ஆராய்ச்சியில் அதற்கு முன்பே பெயருண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பேராசிரியராயிருந்த ஸ்பல்லன்சானி, தவளையின் விந்து நீர்மத்தைத் தாளில் வடிகட்டி, வடிந்த நீர் ஆற்றலிழப்பதையும் தாளில் தங்கியது ஆற்றலோடிருப்பதையும் கண்டவர். விடை கைக்கெட்டியும், விந்தணுவுக்கு அதில் பங்கில்லை என்றே அவர் முடிவு கட்டினார்.

அந்தப் பவியாவில் 1860-களில் மருத்துவம் பயின்றார் என்ரிக்கோ செர்டோலி. ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சோண்ட்ரியோ ஊரில் 1842-இல் பிறந்தவர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கமில்லோ கோல்ஜியும் அதே காலத்தில் அங்கே பயின்றவர். இருவரும் பட்டம் பெற்றது 1865-இல். அவ்வாண்டே இருபத்து மூன்று வயது இளைஞர் செர்டோலி, மனித விந்தகக் குழல்களுக்குள் கிளைகளுடைய தனிவகைச் செல்கள் இருப்பதாகக் கட்டுரை வெளியிட்டார். குழலின் சுவரில் அடிபதித்து நடுவெளி வரை மரம்போல் உயர்ந்து, பக்கவாட்டில் கிளை பரப்பி நிற்கும் செல்கள் அவை. மற்றவர் கண்ணுக்குத் தெளிவற்ற கூழாகத் தோன்றிய இடத்தில் அவர் ஒரு வடிவத்தைக் கண்டார்.

பின்னர் மிலான் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகி ஆராய்ச்சியைத் தொடர்ந்த செர்டோலி, 1878-இல் மற்றொரு தெளிவை நல்கினார். குழலுக்குள் இருவகைச் செல்கள் உள்ளன. ஒருவகை இடம்பெயராமல் நிலைத்து நிற்பவை. மற்றொருவகை அவற்றினூடே நகர்ந்து, உருமாறி, விந்தணுவாகி வெளியேறுபவை. நிலைத்து நிற்கும் செல் விந்தணுவைப் பெறுவதன்று. பிறர் பெற்றதை வளர்ப்பது.

ஆஸ்திரிய அறிஞர் வான் எப்னர் முதலில், அந்தக் கிளைச் செல்லே விந்தணுவாக மாறுகிறது என வாதிட்டார். ஆண்டுகள் பல ஓடின. 1888-இல் அவரே அச்செல்லுக்குச் ‘செர்டோலி செல்’ எனப் பெயரிட்டார். மாற்றுக் கருத்துடையவர் கையாலேயே பெயர் சூட்டப்பெறுவது அறிஞர்க்கு வாய்க்கும் அரிய சிறப்பன்றோ! செர்டோலி 1910-இல் காலமானார். தாம் கண்ட செல்லின் முழுப் பெருமையை அவர் அறியவில்லை.

பாலங்களும் கதவுகளும்

அடுத்த பெரும் அடி 1950-களில், மின்னணு நுண்ணோக்கி வந்தபின் எடுத்துவைக்கப்பட்டது. அமெரிக்க அறிஞர் டான் ஃபாசெட்டும் அவர் துணைவரும் இரண்டு செய்திகளைக் கண்டனர். செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று கரைந்த பெருங்கூழ் என்ற எண்ணம் தவறு. ஒவ்வொன்றும் எல்லையுடைய தனிச்செல். ஆனால் விந்தணுவாகப் போகும் இளஞ்செல்களோ அவ்வாறு தனித்தில்லை. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது முழுவதும் அறுபடாமல் நடுவே ஒரு மெல்லிய பாலம் எஞ்சுகிறது. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, பாலங்களால் கோக்கப்பட்ட சங்கிலியாகவே அவை ஒன்றாக வளர்ந்து ஒன்றாக முதிர்கின்றன.

இந்தப் பாலமே மூலத்தைக் காட்டிக்கொடுத்தது. 1971-இல் ஹக்கின்ஸ், ஓக்பர்க் என்னும் இரு ஆய்வாளர்கள் எலி இனங்களில் ஆராய்ந்து கூறினர்: பாலமே இல்லாமல் தன்னந்தனியே நிற்கும் செல்தான் மூலச் செல். இன்று ‘ஸ்டெம் செல்’ என மருத்துவமனை வரை வழங்கும் சொல் குறிப்பது இதனையே. மூலச் செல்லின் இயல்பு இரண்டு: தன்னைப்போல் ஒன்றைப் படைத்துத் தன் இருப்பைக் குறையாமல் வைத்துக்கொள்ளும், வேறொன்றை விந்தணுவாகும் பாதையில் அனுப்பும். முதலை அழிக்காமல் வட்டியை மட்டும் செலவிடும் குடும்பம் போன்றது அது. சுண்டெலியின் ஒரு விந்தகத்தில் இத்தகைய தனிச்செல்கள் சுமார் 35,000 என 1993-இல் கணக்கிட்டனர். குழல்களுக்குள் உள்ள விதை வழிச் செல்களில் பத்தாயிரத்துக்கு மூன்றே! அந்த மூன்றுதான் வாழ்நாள் முழுவதும் கோடிக்கணக்கான விந்தணுக்களுக்கு ஊற்றுக்கண். மூலச் செல் பிரியத் தொடங்கியதிலிருந்து விந்தணு முதிர்வது வரை மனிதரில் சுமார் 74 நாட்கள் ஆகின்றன என்பதை ஹெல்லரும் கிளெர்மாண்ட்டும் 1960-களில் கண்டறிந்தனர். இன்று அடிக்கும் கடுங்காய்ச்சலின் பாதிப்பு இரண்டு மூன்று மாதங்கள் வரையிலும் சோதனையில் தெரியக்கூடியது இதனால்தான்.

அடுத்து, கதவு. இரத்தத்தில் செலுத்திய சாயங்கள் உடலெங்கும் பரவியும் விந்தகக் குழலின் உள்ளே மட்டும் நுழைவதில்லை என்பதை முன்னோர் கவனித்திருந்தனர். 1970-இல் மார்ட்டின் டிம்மும் ஃபாசெட்டும் காரணம் கண்டனர். அருகருகே நிற்கும் செர்டோலி செல்கள் அடிப்பகுதிக்குச் சற்று மேலே ஒன்றோடொன்று இறுகத் தைத்தாற்போல் இணைந்திருக்கின்றன. அத்தையல் குழலை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. வெளி அறை இரத்த நாளத்தின் பக்கம். மூலச் செல்கள் அங்கே வாழ்கின்றன. உள் அறையில் விந்தணுக்கள் உருவாகின்றன. பருவமடைந்த பின்னரே தோன்றும் விந்தணுக்களை, குழந்தைப் பருவத்திலேயே தன்னவர் அயலவரை இனங்காணப் பழகிவிட்ட உடலின் காவற்படை, அயலாராகக் கருதித் தாக்கக்கூடும். அக்காவலர் கண்ணிலிருந்து விந்தணுவை மறைக்கும் சுவர் இது. முதிரும் செல் உள்ளறைக்குப் போகும்போது அதன் பின்னால் புதிய தையல் முதலில் உருவாகிறது; பிறகே முன்னால் உள்ள பழைய தையல் பிரிகிறது. எந்த நேரத்திலும் வீடு திறந்து கிடப்பதில்லை.

ஆளில்லா வீடுகள்

வீட்டின் அருமை, அது வெறுமையானபோது விளங்கியது. 1947-இல் அர்ஜென்டினா மருத்துவர் டெல் காஸ்டிலோவும் அவருடன் பணியாற்றியோரும், வலிமையும் ஆண்மைத் தோற்றமும் குறையாத, ஆனால் ஒரு விந்தணுவும் இல்லாத ஆண்களைப் பற்றி எழுதினர். அவர்களுடைய குழல்களில் செர்டோலி செல்கள் ஒழுங்காக நின்றன. விதை வழிச் செல் ஒன்றுகூட இல்லை. மீசையும் குரலும் தோள்வலியும் மகப்பேற்றுத் திறனுக்குச் சான்றாகா என்பதை அக்கட்டுரை சொல்லாமல் சொல்லியது. ஆண்மைத் தோற்றத்துக்குரிய சுரப்பைத் தருவது குழல்களுக்கு வெளியே உள்ள வேறு செல்கள். 1850-இல் அவற்றைக் கண்டவர் லைடிக். ஒன்று நலமாயிருக்க மற்றொன்று குறைபடலாம்.

மூலச் செல்கள் இல்லாமற்போவதற்கு ஒரு காரணத்தை மீண்டும் பவியாவே தந்தது. 1976-இல் அந்நகரத்துத் தியெபோலோவும் சுஃபார்தியும் 1170 ஆண்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து, விந்தணு இல்லாத ஆறு பேரிடம் ஒய் குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஒரு துண்டு காணாமற்போயிருப்பதைக் கண்டனர். பிறவியிலேயே வந்த குறை. யாருடைய பழியும் அன்று.

மனிதன் தானே வருவித்துக்கொண்ட குறைகளும் உண்டு. 1977-இல் கலிஃபோர்னியாவின் லேத்ரப் ஊரில் பூச்சிக்கொல்லி ஆலைத் தொழிலாளர் சிலர், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்காததைப் பேச்சுவாக்கில் உணர்ந்து சோதனைக்கு வற்புறுத்தினர். பயிரின் வேர்ப்புழுவைக் கொல்லும் டி.பி.சி.பி. என்னும் மருந்து அவர்களது மூலச் செல்களை அழித்திருந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோரின் குழல்களில் செர்டோலி செல்கள் மட்டுமே எஞ்சின. குறையை முதலில் கண்டது அறிஞர் அல்லர், பாதிக்கப்பட்ட தொழிலாளரே.

இதனினும் கசப்பான ஒரு செய்தியையும் நாம் மறைக்கலாகாது. 1963 முதல் 1973 வரை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலச் சிறையில், 67 கைதிகளின் விந்தகங்களில் எக்ஸ்கதிர் பாய்ச்சிச் சோதித்தனர். சோதனையை நடத்தியவர், 74 நாள் கணக்கைத் தந்த அதே கார்ல் ஹெல்லர். குறைந்த அளவில் மாதங்களிலும், மிகுந்த அளவில் ஆண்டுகள் கழித்தும் விந்தணு மீளுகிறது. தப்பிப் பிழைத்த சில மூலச் செல்கள் வீட்டை மீண்டும் நிரப்புகின்றன என்பது அதில் தெரிந்தது. சிறைக்குள் அடைபட்டவன் தரும் ஒப்புதல் உண்மையான ஒப்புதல்தானா என்ற கேள்வி பின்னர் அந்நாட்டு அரசுக் குழுவாலேயே எழுப்பப்பட்டது. அறிவின் கணக்கேட்டில் இத்தகைய கடன்களும் எழுதப்பட்டுள்ளன.

விதையின் குறையா, வீட்டின் குறையா?

1978-இல் மான்செஸ்டர் ஆய்வாளர் ரேமண்ட் ஸ்கோஃபீல்ட், இரத்தத்தின் மூலச் செல்களைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தார். மூலச் செல் தன் ஆற்றலால் மட்டும் மூலச் செல்லாக நீடிப்பதில்லை. அண்டைச் செல்கள் அமைத்துத் தரும் ஒரு மாடத்தில் குடியிருக்கும் வரைதான் அது அவ்வாறு இருக்கும் என்றார். விந்தகத்தில் இதைச் சோதித்துக் காட்டும் வழியைத் தந்தவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பேராசிரியர் ரால்ஃப் பிரின்ஸ்டர். 1994-இல் அவரும் துணைவரும் ஒரு சுண்டெலியின் விந்தகச் செல்களை எடுத்து, விதை வழிச் செல்கள் அற்ற மற்றொரு சுண்டெலியின் குழல்களுக்குள் செலுத்தினர். வந்தவை செர்டோலி செல்களினூடே புகுந்து அடிச்சுவரில் தமக்குரிய இடத்தைத் தேடிக் குடியேறின, விந்தணுக்களை உண்டாக்கின, அவற்றால் குட்டிகளும் பிறந்தன. காலியாக நின்ற வீடு விருந்தினரை ஏற்றுக்கொண்டது.

2000-இல் அதே ஆய்வுக்கூடத்தினர் நுட்பமான மற்றொரு சோதனை செய்தனர். இரண்டு வகை மலட்டுச் சுண்டெலிகள். ஒருவகையில் செர்டோலி செல் தரவேண்டிய ஓர் ஊக்கப்பொருள் இல்லை. மற்றொருவகையில் அவ்வூக்கத்தைப் பெறவேண்டிய மூலச் செல்லில் குறை. முன்னதில் வீடு கெட்டது, விதை நலம். பின்னதில் விதை கெட்டது, வீடு நலம். முன்னதன் மூலச் செல்களைப் பின்னதன் விந்தகத்தில் வைத்தனர். மலடு எனப்பட்ட இரண்டும் கூடியபோது விந்தணு உண்டாயிற்று, குட்டிகளும் பிறந்தன! ‘மலடு’ என்னும் ஒரே சொல்லுக்குள் எத்தனை வேறுபட்ட நிலைகள் அடங்கிக் கிடக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அதே ஆண்டில் ஃபின்லாந்து அறிஞர்கள், செர்டோலி செல் சுரக்கும் ஜி.டி.என்.எஃப். என்னும் புரதத்தை ஆராய்ந்தனர். 1993-இல் நரம்புச் செல்களைக் காப்பதாகக் கண்டறியப்பட்ட பொருள் அது. விந்தகத்தில் அது குறைந்தால் மூலச் செல்கள் தம்மைப் புதுப்பிக்க மறந்து, எல்லாம் விந்தணுவாகிச் செலவழிந்து, குழல் நாளடைவில் வெறுமையாகிறது. மிகுந்தாலோ மூலச் செல்கள் பெருகிப் பெருகி அடைந்துகொள்கின்றன, விந்தணு உண்டாவதில்லை. ஊட்டம் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. அளவறிந்து ஊட்டும் கையே காக்கும் கை.

வீடு என்பது செர்டோலி செல் மட்டுமன்று. மூலச் செல்கள் இரத்த நாளங்களை ஒட்டிய இடங்களையே மிகுதியும் நாடுகின்றன என 2007-இல் கியோட்டோ ஆய்வாளர் நேரில் படம்பிடித்துக் காட்டினர். வீதி, அண்டை, நீர்வழி எல்லாம் சேர்ந்ததுதான் குடியிருப்பு.

சிற்றீ கற்பித்த பாடம்

இந்தக் குடியிருப்பின் உள்ளமைப்பை மிக நுணுக்கமாகக் காட்டியது, அழுகிய பழத்தை மொய்க்கும் சிற்றீ. அதன் விந்தகத்தின் நுனியில் சுமார் பத்துப் பன்னிரண்டு செல்கள் மலரின் நடுமொட்டுப் போல் குவிந்திருக்கின்றன. மூலச் செல்கள் இதழ்போல் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டுள்ளன. மொட்டு அனுப்பும் செய்தி கிட்டும் தொலைவில் இருக்கும் வரை அவை மூலச் செல்கள்; விலகினால் விந்தணுவாகும் பாதையில் சென்றுவிடும் என்பதை 2001-இல் இரு குழுவினர் தனித்தனியே நிறுவினர்.

அப்படியாயின், பிரியும் இரண்டில் ஒன்று மட்டும் மொட்டோடு ஒட்டி நிற்பது எவ்வாறு? விடையை 2003-இல் யுகிகோ யமாஷிதாவும் அவருடன் பணியாற்றியோரும் தந்தனர். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் இழைகளுக்கு நங்கூரம் போன்றது சென்ட்ரோசோம் என்னும் நுண்ணுறுப்பு. அது இரண்டாகி, ஒன்று மொட்டை ஒட்டியே நிற்க, மற்றது எதிர்ப்புறம் செல்கிறது. ஆகவே பிரிவு குறுக்கே நிகழ்ந்து, ஒன்று வீட்டிலும் மற்றது வெளியிலும் அமைகிறது. மேலும், மொட்டின் அருகில் தங்குவது எப்போதும் பழைய சென்ட்ரோசோமே என்பது 2007-இல் தெரிந்தது. 2015-இல் இன்னொரு வியப்பு: மூலச் செல்கள் முடியினும் மெல்லிய குழாய்களை மொட்டின் செல்களுக்குள் நீட்டி, அங்கிருந்து வரும் செய்தியைத் தாம் மட்டும் பெற்றுக்கொள்கின்றன. அக்குழாயைக் குலைத்தால் மூலச் செல் நிலைப்பதில்லை. ஈயின் விந்தகமும் மனிதரின் விந்தகமும் அமைப்பில் ஒன்றல்ல. ஆயினும் தனக்கென ஓர் இடமில்லாமல் மூலச் செல் நிலைக்காது என்ற விதி இரண்டுக்கும் பொது.

இந்த விதியை மறந்தவர்கள் நெடுங்காலம் தோற்றனர். செல்களைத் தனித்தனியே பிரித்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து விந்தணுவாக்க எடுத்த முயற்சிகள் பல்லாண்டு பயன் தரவில்லை. 2011-இல் ஜப்பானின் யோகோஹாமா ஆய்வாளர்கள், பிறந்த சுண்டெலிக் குட்டியின் விந்தகத்தைச் செல்களாகப் பிரிக்காமல் சிறு துண்டாகவே, வீடு குலையாமல் வளர்த்தனர். விந்தணு உண்டாயிற்று, அதிலிருந்து நலமான குட்டிகளும் பிறந்தன.

நமக்குப் பயன்படுவது

இவ்வரலாற்றிலிருந்து நம் இல்லங்களுக்கு உரியவை சில உண்டு.

முதலாவது, மகப்பேறு தாமதப்படும்போது கணவனும் மனைவியும் ஒருசேரச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆணுக்குரிய முதற்சோதனை எளிது, வலியற்றது, பெண்ணுக்குரியவை அவ்வாறல்ல. எளிதானதைத் தள்ளிவைத்து, அரிதானதை ஆண்டுக்கணக்கில் ஒருத்திமேல் சுமத்துவது அறிவும் அன்று, நீதியும் அன்று. குறை தெரிந்தாலும் இன்று வழி அடைபட்டுவிடுவதில்லை. 1992-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில், ஒரே ஒரு விந்தணுவைச் சினைமுட்டைக்குள் நுண்ணூசியால் செலுத்திக் கருவாக்கும் முறையின் வெற்றி அறிவிக்கப்பட்டது. வீதி முழுதும் காலி என்று எண்ணிய விந்தகத்திலும் ஓரிரு குழல்களில் விந்தணு கிடைப்பதுண்டு. எல்லோருக்கும் கிடைக்கும் என்பதன்று. தேடிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்பதே.

இரண்டாவது, ஆண் குழந்தை பிறந்தால் விந்தகங்கள் இரண்டும் பைக்குள் இறங்கியுள்ளனவா எனப் பார்க்க வேண்டும். உடலின் வெப்பத்தைவிடச் சில பாகை குளிர்ந்த இடமே அவற்றுக்கு ஏற்றது. பிறந்த முதல் சில மாதங்களிலேயே ஆதிச் செல்கள் மூலச் செல்களாக மாறத் தொடங்குகின்றன. வயிற்றின் சூட்டில் தங்கினால் அம்மாற்றம் தடைபடுகிறது. ஆறு மாதமாகியும் இறங்காவிடில் மருத்துவரிடம் காட்டி, பதினெட்டு மாதத்துக்குள் அறுவை முடித்துவிடுவது நல்லது. “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று பெரியவர்கள் சொல்லும் ஆறுதல், இதில் மட்டும், ஒரு பிள்ளையின் பிற்கால வாழ்வைப் பறித்துவிடக்கூடும்.

மூன்றாவது, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் சிறுவர். உயிர் காக்கும் மருந்துகள் சில மூலச் செல்களை அழித்துவிடுகின்றன. பருவமடைந்தவராயின் சிகிச்சைக்கு முன்பே விந்தணுவை உறைய வைக்கலாம். பருவமடையாத சிறுவரிடம் விந்தணு இல்லை. ஆனால் மூலச் செல்கள் உண்டு. அவர்களது விந்தகத் திசுவில் ஒரு சிறு துண்டை எடுத்து உறைய வைக்கும் பணி உலகின் சில மருத்துவ மையங்களில் நடைபெறுகிறது. அத்திசு பிற்காலத்தில் பயன்படுமா? 2019-இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் ஒரு விடை தந்தனர். பருவமடையாத குரங்கின் விந்தகத் திசுவை உறையவைத்து, பின்னர் அதே குரங்கின் தோலுக்கடியில் பதித்தனர். அது வளர்ந்து விந்தணு தந்தது. அதிலிருந்து ஒரு பெண் குட்டி நலமாகப் பிறந்தது. மனிதருக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகிவிடவில்லை. ஆயினும் சிகிச்சை தொடங்குமுன் இதைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது பெற்றோர் கடமை. தொடங்கிய பின் கேட்டுப் பயனில்லை.

வாலசைத்து ஓடும் விந்தணுவை உலகம் 1677-இலேயே கண்டது. அதற்குக் குட்டி மனிதன் என்று மகுடமும் சூட்டியது. ஓரிடத்தில் நின்று, ஊட்டி, மறைத்து, காத்து, வழியனுப்பும் செல்லைக் காண இன்னும் 188 ஆண்டுகள் ஆயின. அதன் அருமையை உணர மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பிள்ளை பிறப்பது ஒருவர் பெருமையுமன்று, பிறவாமை ஒருவர் பழியுமன்று. கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ கைகள் சேர்ந்து காத்தால்தான் ஒரு விதை முளைக்கிறது. இதை அறிந்த வீட்டில், குழந்தையில்லாத மருமகள் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. அவள் கணவனும் சோதனைக்குச் செல்ல நாண வேண்டியதில்லை.